கருவள அறிகுறி அட்டவணை

கருவள அறிகுறி அட்டவணை என்பது, ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்கக் கூடிய நாட்கள் எவை என்பதை அறியும் பொருட்டு, உடல் வெளிக்காட்டும் அறிகுறிகளை நாள்தோறும் குறித்து வைக்கும் பதிவு ஆகும். விழித்தெழும் வேளையில் உள்ள உடல் வெப்பநிலை, கருப்பைவாய்ச் சளியின் தன்மை ஆகிய இரண்டும் இதில் முதன்மையானவை. கருப்பைவாயின் நிலை, சிறுநீர்ச் சோதனைப் பட்டையின் முடிவு, அடிவயிற்று வலி போன்றவையும் சேர்த்துக் குறிக்கப்படுவதுண்டு. இதே பதிவு கருத்தடைக்கும் பயன்படுகிறது; ஆயினும் அதற்குரிய விதிகள் வேறானவை, மிகவும் கண்டிப்பானவை. இக்கட்டுரை குழந்தை வேண்டுவோர் இதனைப் பயன்படுத்தும் முறையைக் கூறுகிறது.

இவ்வறிகுறிகள் யாவும் ஒரே வகையான செய்தியைத் தருவதில்லை. கருமுட்டை வெளியேறப் போவதைச் சளி முன்கூட்டியே காட்டுகிறது. வெப்பநிலையோ அது வெளியேறிவிட்டதைப் பின்னரே உறுதி செய்கிறது. கருத்தரிக்கக் கூடிய நாட்களில் பெரும்பாலானவை முட்டை வெளியேற்றத்துக்கு முன்னரே வந்து போய்விடுவதால், இவ்வேறுபாட்டை அறியாது வெப்பமானியை மட்டும் நம்பியிருப்போர் மாதந்தோறும் உரிய நாட்களைத் தவறவிட நேர்கிறது.

உயிரியல் அடிப்படை

மாதவிடாயின் முதல் நாளே சுழற்சியின் முதல் நாளாகக் கொள்ளப்படுகிறது. அதன் முற்பகுதியில் சூலகத்தில் நுண்ணறைகள் வளர்கின்றன. அவற்றுள் முந்தி வளரும் ஒன்று ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரை (ஹார்மோன்) மிகுதியாகச் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உயர்ந்த நிலையில் சில நாட்கள் நீடிக்கும்போது மூளையடிச் சுரப்பி மஞ்சளாக்க இயக்குநீரை ஒரே வீச்சில் வெளியிடுகிறது. மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் எல்.எச். என வழங்கப்படுவது இதுவே. இவ்வெழுச்சி தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில் நுண்ணறை வெடித்துக் கருமுட்டை வெளியேறுகிறது. இது அண்டவிடுப்பு எனவும் அழைக்கப்படும். வெடித்த நுண்ணறை மஞ்சட்பொருளாக மாறிப் புரோஜெஸ்தரோனைச் சுரக்கிறது. கரு பதியாவிடின் இரு கிழமை அளவில் மஞ்சட்பொருள் நலிந்து அடுத்த மாதவிடாய் வருகிறது.

வெளியேறிய கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம் வரையே கருக்கட்டும் திறனுடன் இருக்கும். விந்தணுக்களோ உகந்த சளியில் ஐந்து நாட்கள் வரை உயிர்வாழ வல்லவை. ஆகவே முட்டைக்காக விந்தணு காத்திருக்கலாம். விந்தணுவுக்காக முட்டை காத்திருப்பதில்லை. ஆலன் வில்காக்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் அமெரிக்காவின் வட கரொலைனாவில் கருத்தரிக்க முயன்ற 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1995இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. அதில் கருத்தரிப்புகள் யாவும் முட்டை வெளியேறிய நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமான ஆறு நாள் இடைவெளியிலேயே நிகழ்ந்திருந்தன. அவ்விடைவெளியின் முதல் நாளில் உறவு கொண்டால் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடாகவும், முட்டை வெளியேறும் நாளில் ஏறத்தாழ 33 விழுக்காடாகவும் கணக்கிடப்பட்டது. முட்டை வெளியேறியதற்கு மறுநாள் கொண்ட உறவால் எவரும் கருத்தரித்ததாகத் தெரியவில்லை.

பதினான்காம் நாள் என்னும் கணக்கு

முட்டை பதினான்காம் நாள் வெளியேறும் என்பது பாடநூல்கள் வழியாகப் பரவிய கருத்து. 28 நாட் சுழற்சிக்கு மட்டுமே அது ஓரளவு பொருந்தும். சுழற்சியின் பிற்பகுதி பெரிதும் மாறாதது; நீண்டும் குறுகியும் வருவது பெரும்பாலும் முற்பகுதியே. எனவே 35 நாட் சுழற்சியில் முட்டை 21ஆம் நாளை ஒட்டி வெளியேறக் கூடும். 2019இல் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளின் பதிவுகளைக் கொண்டு வெளியான ஓர் ஆய்வில், சுழற்சியின் சராசரி நீளம் 29.3 நாட்களாகவும், முற்பகுதி 16.9 நாட்களாகவும், பிற்பகுதி 12.4 நாட்களாகவும் இருந்தன. சரியாக 28 நாட்கள் கொண்டவை 13 விழுக்காடு மட்டுமே. வில்காக்ஸ் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில் கருவள நாட்கள் முழுவதும் அடங்கியிருந்தவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே. சீரான சுழற்சி உடையவர்களிடமும் இந்நாட்கள் மாதத்துக்கு மாதம் நகர்வதுண்டு. நாட்காட்டியை மட்டும் நம்பாமல் உடலின் அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

வரலாறு

மாதவிடாய்ச் சுழற்சியில் உடல் வெப்பநிலை இரு படிகளாக அமைவதை நெதர்லாந்து மகப்பேற்று மருத்துவர் தியோடோர் வான் டி வெல்டே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். ஜப்பானின் நீகாட்டா நகரில் பணியாற்றிய கியூசாகு ஓகினோ, அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்பு முட்டை வெளியேறுகிறது என 1924இல் எழுதினார். ஆஸ்திரிய மருத்துவர் ஹெர்மன் கினாவுஸ் தனியே ஆராய்ந்து இதையொத்த முடிவுக்கு வந்தார். மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணுவதை விடுத்து, அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பதே இவ்விருவரின் கண்டுபிடிப்பின் சாரம். இருவர் பெயராலும் வழங்கிய நாட்கணக்கு முறை கருத்தடை முறையாகவே உலகெங்கும் பரவியது. ஓகினோ அதனை விரும்பவில்லை. குழந்தையில்லாதோர் கருத்தரிக்க உதவுவதையே அவர் தம் ஆய்வின் பயனாகக் கருதினார்.

ஜெர்மனியைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு வில்கெல்ம் ஹில்லெபிராண்ட் 1930களில் வெப்பநிலையை இக்கணக்குடன் இணைத்தார். ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ஜான் பில்லிங்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1953 முதல் சளியின் மாற்றங்களை ஆராயத் தொடங்கினார். பின்னர் அவருடைய துணைவியாரும் குழந்தை மருத்துவருமான ஈவ்லின் பில்லிங்ஸும் இப்பணியில் இணைந்தார். பெண்கள் கூறிய அடையாளங்களை ஜேம்ஸ் பிரௌன் என்ற அறிவியலாளர் இயக்குநீர் அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். வெப்பநிலையையும் சளியையும் ஒருங்கே பதியும் முறையை ஆஸ்திரிய மருத்துவர் ஜோசப் ரோட்சர் 1965இல் நூலாக வெளியிட்டார்.

சளியைக் கவனிக்கப் படிப்பறிவு வேண்டுமா என்னும் ஐயத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று விடையளித்தது. ஆக்லாந்து, பெங்களூர், டப்ளின், மணிலா, எல் சால்வடோரின் சான் மிகுவேல் ஆகிய ஐந்து இடங்களில் 869 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு, 1981இல் வெளியான அவ்வாய்வில், முதற் சுழற்சியிலேயே 93 விழுக்காட்டினர் தம் சளியின் மாற்றத்தை இனங்கண்டு பதிவு செய்தனர். எழுத்தறியாதோரும் இவர்களுள் இருந்தனர்.

மேற்கூறிய பணிகளுள் பெரும்பாலானவை கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கும் கருத்தடை முறையைத் தேடி எழுந்தவை. கருத்தரிக்க விரும்புவோர் கையில் இவ்வட்டவணை பரவலாக வந்து சேர்ந்தது பின்னரே. அமெரிக்காவின் டோனி வெஷ்லர் 1995இல் எழுதிய நூல் இதில் குறிப்பிடத்தக்க பங்காற்றியது.

கருப்பைவாய்ச் சளி

மாதவிடாய் முடிந்த பின் சில நாட்கள் பிறப்புறுப்பு வறண்டிருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏறத் தொடங்கியதும் முதலில் பசைபோல் ஒட்டும் சளியும், அடுத்துப் பாலேடு போன்ற வெண்ணிறச் சளியும் வரும். முட்டை வெளியேறும் நாள் நெருங்கும்போது சளி நீர்த்து, பச்சை முட்டையின் வெள்ளைக் கருவைப் போல் தெளிந்து வழுவழுப்பாகும். இரு விரல்களுக்கிடையே இழுத்தால் அறுபடாமல் சில சென்ரிமீட்டர் நீளும். விந்தணுக்கள் உயிர்வாழ்ந்து நீந்திச் செல்வதற்கு ஏற்றது இச்சளியே. முட்டை வெளியேறியபின் புரோஜெஸ்தரோன் அதனைத் தடிப்பாக்கி வழியை அடைத்து விடுகிறது.

வழுவழுப்பை உணரும் கடைசி நாள் உச்ச நாள் எனப்படும். மறுநாள் சளி மாறிய பிறகே அது உச்ச நாள் என்பது தெரியவரும். முட்டை வெளியேற்றம் பெரும்பாலும் உச்ச நாளிலோ அதற்கு ஓரிரு நாள் முன்பின்னாகவோ நிகழ்கிறது. கழிவறைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் துடைக்கும்போது கவனித்து, அன்று கண்டவற்றுள் மிகவும் கருவளம் வாய்ந்த தன்மையை மாலையில் குறித்துக் கொள்வது வழக்கம். கண்ணால் காண்பதைப் போலவே, நடக்கும்போது உணரும் ஈரத்தையும் குறிக்க வேண்டும். சிலருக்கு இழுபடும் சளி தென்படாது, ஈர உணர்வு மட்டுமே இருக்கும்.

தமிழில் இவ்வகைக் கசிவுகள் அனைத்தும் வெள்ளைப்படுதல் என்ற ஒரே சொல்லால் வழங்கப்படுகின்றன. அச்சொல் நோயின் பெயராகவும் இருப்பதால், கருவளத்தின் முதன்மையான அடையாளத்தையே நோயென்று கருதி மருந்து தேடுவோர் உளர். மாதத்தில் சில நாட்கள் மட்டும் வந்து மறையும், நாற்றமற்ற, அரிப்பற்ற, தெளிந்த கசிவு இயல்பானது. தயிர்த் திரளை போன்ற கசிவுடன் அரிப்பும், மஞ்சள் அல்லது பச்சை நிறமும், மீன் நாற்றமும் தொற்றின் அறிகுறிகள். இவற்றுக்கு மருத்துவம் தேவை. பிறப்புறுப்பின் உட்புறத்தைச் சோப்பு அல்லது கிருமிநாசினி கொண்டு கழுவுவது சளியையும் அங்குள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களையும் ஒருங்கே அழிக்கிறது.

விந்தும், பாலியல் கிளர்ச்சியால் ஊறும் நீரும் சளியைப் போலவே தோன்றிக் குழப்பக் கூடும். ஒவ்வாமைக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகளும், முட்டை வளர்ச்சிக்காகத் தரப்படும் குளோமிஃபீனும் சளியைக் குறைக்கலாம். கடைகளில் விற்கும் வழவழப்புக் களிம்புகள் பலவும், எச்சிலும் ஆய்வுக்கூடத்தில் விந்தணுவின் அசைவைத் தடுப்பதாகக் காணப்பட்டுள்ளன.

விழிப்புநிலை வெப்பநிலை

புரோஜெஸ்தரோன் மூளையில் உள்ள வெப்பச் சீராக்க மையத்தைத் தாக்குவதால், முட்டை வெளியேறிய ஓரிரு நாட்களுக்குள் உடலின் ஓய்வுநிலை வெப்பநிலை 0.2 முதல் 0.5 பாகை செல்சியசு வரை உயர்ந்து அடுத்த மாதவிடாய் வரை அவ்வாறே நிற்கிறது. பலருக்கு முற்பகுதியில் 36.1 முதல் 36.4 வரையும், பிற்பகுதியில் 36.5 முதல் 36.9 வரையும் இருக்கும். எண்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். கவனிக்க வேண்டியது இரு படிகளுக்கு இடையிலான ஏற்றத்தையே.

இவ்வளவு சிறிய மாற்றத்தைக் காட்டுவதற்குக் காய்ச்சல் பார்க்கும் சாதாரண வெப்பமானி போதாது. செல்சியசில் இரண்டு தசம இடங்கள் காட்டும் எண்ணிம வெப்பமானி தேவை. பாரன்ஹீட் அளவுள்ளதையும் பயன்படுத்தலாம்; ஆனால் ஒரே சுழற்சியில் இரு அளவுகளையும் கலக்கக் கூடாது. குறைந்தது மூன்று, நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்கிய பின், படுக்கையை விட்டு எழுமுன், பேசவும் நீர் அருந்தவும் முன், நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். நாவின் அடியில் அளப்பவர் சுழற்சி முழுவதும் அவ்வாறே அளக்க வேண்டும். காய்ச்சல், மது, உறக்கமின்மை, நெடும் பயணம், வழக்கத்தினும் பிந்தி எழுதல் ஆகியவை அளவை மாற்றிவிடும். அத்தகைய நாளின் புள்ளியை அழிக்காமல், காரணத்தை அருகில் எழுதிக் கணக்கில் சேர்க்காது விடுவதே முறை. இரவுப் பணி செய்வோர் பகலில் உறங்கி எழும்போது அளக்கலாம். பணிமுறை கிழமைதோறும் மாறுமாயின் வெப்பநிலையால் பெரும் பயன் இராது.

கருப்பைவாயும் பிறவும்

கருவள நாட்களில் கருப்பைவாய் உயர்ந்து, உதட்டைப் போல் மென்மையாகிச் சற்றே திறந்திருக்கும். பிற நாட்களில் தாழ்ந்து, மூக்கின் நுனியைப் போல் உறுதியாக மூடியிருக்கும். தூய விரலால் தொட்டறியும் இம்முறையைப் பழகச் சில மாதங்கள் ஆகும். பிற இரு அறிகுறிகளும் தெளிவாக உள்ளோருக்கு இது தேவையில்லை. சிலருக்கு முட்டை வெளியேறும் வேளையில் அடிவயிற்றின் ஒரு புறத்தில் வலி தோன்றும். அதன் நேரம் துல்லியமானதன்று.

சிறுநீர்ச் சோதனைப் பட்டை

மஞ்சளாக்க இயக்குநீரின் எழுச்சியைச் சிறுநீரில் காட்டும் பட்டைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. சோதனைக் கோடு ஒப்பீட்டுக் கோட்டின் அளவுக்கேனும் அடர்ந்திருந்தால் முடிவு நேர்மறை ஆகும். மங்கலாக ஒரு கோடு தெரிவது நேர்மறை அன்று. கருத்தரிப்பை உறுதி செய்யும் பட்டையில் மங்கலான கோடும் நேர்மறை என்பதால் இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வோர் பலர். நேர்மறை வந்தபின் ஒரு நாள் முதல் ஒன்றரை நாளில் முட்டை வெளியேறும் என எதிர்பார்க்கலாம். எனினும் இப்பட்டை காட்டுவது மூளையிலிருந்து வந்த ஆணையையே. சூலகம் அதனை நிறைவேற்றியதா என்பதை அன்று. சூலக நீர்க்கட்டி நோய்க்குறி உடையவர்களுக்கு இவ்வியக்குநீர் எப்போதும் மிகுந்திருக்கலாம் என்பதால் பல நாட்கள் நேர்மறை காட்டுவதுண்டு.

சளியைக் கவனிக்கச் செலவில்லை, பட்டைக்குச் செலவுண்டு. சளி நீர்த்த பிறகு பட்டையைத் தொடங்குவோர் பட்டைகளை மிச்சப்படுத்தலாம்.

அட்டவணையை வாசித்தல்

அட்டவணையில் கிடைமட்டமாகச் சுழற்சியின் நாட்களும் செங்குத்தாக வெப்பநிலையும் அமையும். சளியின் தன்மை, உறவு கொண்ட நாட்கள், பிற குறிப்புகள் ஆகியவை கீழே எழுதப்படும். வெப்பநிலையை வாசிக்கப் பொதுவாக மூன்றுக்கு ஆறு விதி பின்பற்றப்படுகிறது. முந்திய ஆறு நாட்களின் அளவுகள் அனைத்தையும் விட அடுத்து வரும் மூன்று நாட்களின் அளவுகள் உயர்ந்திருந்து, மூன்றாவது அளவு அவ்வாறினுள் உயர்ந்ததை விடக் குறைந்தது 0.2 பாகை செல்சியசு மிகுந்திருந்தால், முட்டை வெளியேறிவிட்டது எனக் கொள்ளலாம்.

விளக்கத்துக்காக, ஒரு பெண்ணுக்கு 12ஆம் நாள் முதல் 17ஆம் நாள் வரை 36.35, 36.40, 36.30, 36.40, 36.35, 36.40 எனவும், 18, 19, 20ஆம் நாட்களில் 36.60, 36.65, 36.70 எனவும் இருப்பதாகக் கொள்வோம். 12ஆம் நாள் சளி நீர்க்கத் தொடங்கியது. 15ஆம் நாள் பட்டை நேர்மறை. 16ஆம் நாள் உச்ச நாள். 17ஆம் நாள் சளி ஒட்டும் தன்மைக்கு மாறியது. முட்டை 16 அல்லது 17ஆம் நாள் வெளியேறியிருக்க வேண்டும். 20ஆம் நாளன்று வெப்பநிலை அதனை உறுதி செய்கிறது. 12 முதல் 17 வரையிலான நாட்களே இவர்களுக்கு உரியவை. வெப்பநிலை ஏறட்டும் எனக் காத்திருந்து 18ஆம் நாள் உறவு கொண்ட தம்பதியருக்கு, எல்லாவற்றையும் முறைப்படி எழுதியிருந்தும், அம்மாதம் பயன் இராது.

வெப்பநிலையால் பயனே இல்லை என்பது இதன் பொருளன்று. மாதவிடாய் எப்போது வரும் என்பதையும், பிற்பகுதி எத்தனை நாட்கள் நீடிக்கிறது என்பதையும், முட்டை பெரும்பாலும் எந்நாளில் வெளியேறுகிறது என்பதையும் இரண்டு மூன்று சுழற்சிகளின் பதிவு காட்டிவிடும். உயர்ந்த வெப்பநிலை 18 நாட்களுக்கு மேலும் இறங்காதிருந்தால் அது கருத்தரிப்பின் வலுவான அடையாளம். சிறுநீர்ச் சோதனையால் உறுதி செய்து கொள்ளலாம். பிற்பகுதியின் நடுவே ஒரு நாள் வெப்பநிலை இறங்கினால் கரு பதிந்தது எனச் சொல்லப்படுவதற்கு உறுதியான சான்று இல்லை. கருத்தரிக்காத சுழற்சிகளிலும் அவ்விறக்கம் காணப்படுகிறது.

அட்டவணை எழுதுவோர் மிக விரைவிலேயே சோதனை செய்து பார்ப்பதால், முன்பு அறியப்படாமலே போயிருக்கும் இழப்புகளும் தெரியவருகின்றன. வில்காக்ஸ் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்பட்ட கருக்களுள் 22 விழுக்காடு, கருத்தரித்தமை வழக்கமான முறையில் அறியப்படும் முன்னரே கலைந்திருந்தன. பின்னர் கலைந்தவற்றையும் சேர்த்து மொத்த இழப்பு 31 விழுக்காடு. மாதவிடாய் நான்கைந்து நாட்கள் பிந்தி வந்தது என்று முற்காலத்தில் கடந்து சென்றிருக்கக் கூடிய ஒன்று, அட்டவணை வைத்திருப்பவருக்குத் தேதியும் நேரமும் குறித்த துயரமாகிறது.

உறவின் கால இடைவெளி

உரிய நாளுக்கென்று விந்தைச் சேமித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஐந்து நாட்களுக்கு மேல் விலகியிருப்பது விந்தின் தரத்தைக் குறைக்கவே கூடும். இயல்பான விந்து உடையவர்கள் நாள்தோறும் உறவு கொண்டாலும் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைவதில்லை. கருவள நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உறவு கொண்டாலே போதுமானது. உறவுக்குப்பின் கால்களை உயர்த்திப் படுத்திருப்பதால் பயன் உண்டெனக் காட்டப்படவில்லை.

நாள் குறித்து உறவு கொள்வதால் ஆண் பெண் இருவருக்கும் மன அழுத்தம் உண்டாவது பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. பணியிடம் காரணமாகப் பிரிந்து வாழ்ந்து விடுமுறையில் மட்டும் சந்திக்கும் தம்பதியருக்கு நாட்களை அறிவது இன்றியமையாதது. கிழமைக்கு இரண்டு மூன்று முறை உறவு கொள்வோருக்கு அதன் கூடுதல் பயன் குறைவு. பிரித்தானியாவின் தேசிய சுகாதார வழிகாட்டுதல், இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒருமுறை உறவு கொள்ளுமாறே பரிந்துரைக்கிறது. முட்டை வெளியேற்றத்தை உறுதி செய்ய வெப்பநிலை அட்டவணையை அது பரிந்துரைப்பதில்லை. மறுபுறம், 2023இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, 40 வயதுக்குட்பட்ட, ஓராண்டுக்கும் குறைவாக முயன்று வரும் பெண்கள் சிறுநீர்ப் பட்டையின் துணையுடன் நாளறிந்து உறவு கொள்வதால் கருத்தரிப்பு வாய்ப்பு 18 விழுக்காட்டிலிருந்து 20 முதல் 28 விழுக்காடு வரை உயரக் கூடும் எனக் கணித்தது. பயன் உண்டு, ஆனால் விளம்பரங்கள் கூறும் அளவுக்கு இல்லை.

உறவு கொள்ளும் நாளைத் தேர்ந்து ஆண் அல்லது பெண் குழந்தையைப் பெறலாம் என்ற கருத்தை அமெரிக்க மருத்துவர் லாண்ட்ரம் செட்டில்ஸ் பரப்பினார். மேற்கூறிய 1995ஆம் ஆண்டு ஆய்வில் உறவின் நாளுக்கும் குழந்தையின் பாலுக்கும் எத்தொடர்பும் காணப்படவில்லை.

மென்பொருள்களும் அணிகருவிகளும்

2010களில் கைப்பேசிச் செயலிகள் தாள் அட்டவணையின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. அவற்றுள் பல, மாதவிடாய்த் தேதிகளை மட்டும் பெற்றுக்கொண்டு நாட்கணக்கால் ஊகித்துச் சொல்பவை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வாறான ஊகங்கள் முட்டை வெளியேறும் நாளைச் சரியாகக் கூறியது அதிகம் போனால் 21 விழுக்காடு மட்டுமே. ஓகினோ காலத்துக் கணக்கே புதிய திரையில் தோன்றுகிறது எனலாம். நாள்தோறும் வெப்பநிலையையும் சளியையும் பதிய விடும் செயலிகளும், உறக்கத்தின்போது தோலின் வெப்பத்தை அளக்கும் மோதிரம், கைப்பட்டை போன்றவையும் இவற்றினும் மேம்பட்டவை. எனினும் வெப்பநிலைக்கு உரிய குறை, அதாவது பிந்திச் சொல்லுதல், அவற்றுக்கும் உண்டு. இத்தரவுகள் மிகவும் அந்தரங்கமானவை என்பதால், அவை எங்கே சேமிக்கப்படுகின்றன, எவரிடம் பகிரப்படுகின்றன என்பதைப் பயனர் அறிந்திருத்தல் நன்று.

அட்டவணை காட்டாதவை

இரு படிகள் அமையாத அட்டவணை முட்டை வெளியேறவில்லை என்பதைக் குறிக்கலாம். ஆயினும் முட்டை வெளியேறிய சுழற்சிகளிலும் சிலவேளை ஏற்றம் தெளிவாகத் தெரிவதில்லை. எனவே மருத்துவர்கள் இரத்தத்தில் புரோஜெஸ்தரோனை அளந்தோ, மீயொலி வருடல் மூலம் நுண்ணறையின் வளர்ச்சியைப் பார்த்தோ முடிவு செய்கின்றனர். புரோஜெஸ்தரோன் சோதனை 21ஆம் நாள் சோதனை என்றே பெயர் பெற்றுவிட்டது. உண்மையில் அதனை அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாட்களுக்கு முன் செய்ய வேண்டும். 35 நாட் சுழற்சி உடையவருக்கு அது 28ஆம் நாள் ஆகும். 21ஆம் நாளிலேயே செய்தால் முட்டை வெளியேறவில்லை என்ற தவறான முடிவு வரக்கூடும். இத்தகைய இடத்தில் பெண் கொண்டு செல்லும் அட்டவணை மருத்துவருக்கு நேரடியாக உதவுகிறது.

ஒழுங்கான இரு படிகளும் நல்ல சளியும் கொண்ட அட்டவணை, கருக்குழாய்கள் திறந்துள்ளனவா என்பதைக் கூறாது. இந்தியாவில் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய் கருக்குழாய் அடைப்புக்கு ஒரு முக்கியக் காரணமாக உள்ளது. அந்நோய் உடைய பலருக்கு வெளிப்படையான அறிகுறி எதுவும் இருப்பதில்லை. மாதந்தோறும் முட்டையும் வெளியேறிக் கொண்டிருக்கும். வயது ஏற ஏறக் குறையும் முட்டையின் தரமும், அகப்படலப் பிறழ்வும் அவ்வாறே அட்டவணைக்குப் புலப்படாதவை.

பொதுவாகத் தொடர்ந்து முயலும் தம்பதியருள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் கருத்தரிக்கின்றனர். பெண்ணின் வயது 35க்குக் கீழ் எனில் ஓராண்டு முயன்ற பின்னும், 35 அல்லது அதற்கு மேல் எனில் ஆறு மாதங்களுக்குப் பின்னும், 40ஐக் கடந்தவர் எனில் காத்திராமலும் மருத்துவரை நாட வேண்டும். சுழற்சி 35 நாட்களுக்கு மேல் நீள்வது வழக்கமாயிருத்தல், மாதவிடாய் வராதிருத்தல், கடும் மாதவிடாய் வலி, முன்பு இடுப்பறைத் தொற்றோ காசநோயோ இருந்தமை ஆகியவையும் காத்திராமல் செல்வதற்குக் காரணங்கள். முதல் சில சுழற்சிகளைப் பதிவு செய்து தம் உடலை அறிந்துகொள்வது ஒன்று; ஆண்டுக்கணக்கில் மேலும் ஒரு மாதம் எழுதிப் பார்ப்போம் என நாள் கடத்துவது வேறு. 38 வயதில் கழியும் ஓராண்டை எந்த அட்டவணையும் மீட்டுத் தராது.

இவை அனைத்துக்கும் மேலாக, அட்டவணை பதிவது பெண்ணின் உடலை மட்டுமே. கருத்தரிக்க இயலாத தம்பதியருள் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் காரணமாக உள்ளது. தமிழில் மலடி என்ற சொல் புழங்கும் அளவுக்கு மலடன் என்ற சொல் புழங்குவதில்லை. குழந்தையின்மைக்கான வினாக்களும் விரதங்களும் பரிகாரங்களும் பெண்ணையே சூழ்கின்றன. நாள்தோறும் வெப்பநிலையும் சளியும் எழுதச் சொல்வது, குறை அவளிடமே உள்ளது என்னும் எண்ணத்தை அறியாமலே வலுப்படுத்தக் கூடும். விந்துச் சோதனை எளியது, உடலைத் துளைக்காதது, பெண்ணுக்குச் செய்யும் சோதனைகள் பலவற்றினும் செலவு குறைந்தது. இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை உறவின்றி இருந்த பின் விந்து மாதிரி பெறப்படுகிறது. ஒரு சோதனையின் முடிவு குறைவாக இருந்தால் சில கிழமைகள் கழித்து மீண்டும் செய்து பார்ப்பர், ஏனெனில் விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. இடையில் வந்த காய்ச்சல் ஒன்றே முடிவைத் தாழ்த்திவிடலாம். பெண்ணுக்குக் கருக்குழாய்ச் சோதனை போன்றவற்றைத் தொடங்கும் முன்னரோ, அவற்றுடன் ஒரே காலத்திலோ இதனைச் செய்வது மருத்துவ நடைமுறை ஆகும்.